கார்ப்படியில் நின்ற மேயர்: பிரியாவும் வடசென்னையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

2022 டிசம்பர் 10. முந்தைய இரவில்தான் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்திருந்தது. சேதத்தைப் பார்வையிட முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காசிமேட்டுக்கு வந்தார். அவருடைய வாகன வரிசையில் சென்ற ஒரு காரின் பக்கவாட்டுப் படியில் சிலர் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி போனார்கள். அவர்களில் ஒருவர் மாநகராட்சி ஆணையர் ககன்தீப் சிங் பேடி. இன்னொருவர் சென்னை மேயர் ஆர். பிரியா.

சில விநாடிகளே ஓடும் அந்த வீடியோ அன்று மாலைக்குள் ஊரெங்கும் பரவிவிட்டது. மேயர் பதவிக்கு இது அழகா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. வேலை நடக்கும் இடத்துக்கு விரைந்து போகத் துடிக்கும் ஓர் இளம்பெண்ணைக் கேலி செய்வதா என்று ஆளுங்கட்சியினர் திருப்பிக் கேட்டார்கள். இரண்டு தரப்பும் பிரியாவின் குணத்தைப் பற்றியே பேசின. எனக்கு அந்தக் காட்சியில் குணம் தெரியவில்லை, நிர்வாக அமைப்புதான் தெரிந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த மேயரும் அரசு அனுப்பிய ஆணையரும் ஒரே படியில் நிற்கிறார்கள். வண்டி எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த இருவருமே முடிவு செய்யவில்லை. சென்னை மாநகராட்சியின் அதிகாரப் படிநிலையை விளக்கக் கரும்பலகையில் கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து பார்த்திருக்கிறேன். எதுவும் இந்த வீடியோ அளவுக்கு எடுபடவில்லை.

ஒரு பகுதியில் பிறந்து வளர்ந்து, அங்கே எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தப் பள்ளியில் கூரை ஒழுகும் என்று தெரிந்த ஒருவர் நகரத்தின் மேயராகிறார். அவருக்குத் தெரிந்தது எத்தனை தூரம் ஆணையாக மாறுகிறது? எந்த இடத்தில் நின்றுவிடுகிறது? இந்த ஆய்வின் கேள்வி இவ்வளவுதான்.

பதவி வந்த வழி

2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. சென்னையின் 200 வார்டுகளில் தி.மு.க. மட்டுமே 153 இடங்களைப் பிடித்தது. அ.தி.மு.க.வுக்கு 15. திரு.வி.க. நகர் மண்டலத்தின் 74ஆவது வார்டில் தி.மு.க. வேட்பாளராக நின்று வென்றவர் பிரியா. வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அதுவரை எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. ஆனாலும் அரசியல் அவருக்குப் புதிதல்ல. தந்தை ராஜன் கட்சியின் பகுதி நிர்வாகி. பெரம்பூரின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் செங்கை சிவம் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டுத் திண்ணையில் மனு எழுதுவதையும் மழைக்காலத்தில் வார்டுக்கு வார்டு ஆள் அனுப்புவதையும் பார்த்து வளர்ந்த பெண் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆண்டு ஜனவரியில் வெளியான அரசாணை சென்னை, தாம்பரம் மேயர் பதவிகளைப் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கியது. ஆவடி பட்டியலினப் பொதுவுக்கு. மேலும் ஒன்பது மாநகராட்சிகள் பெண்களுக்கு. இப்படி 21 மாநகராட்சிகளில் 11 பெண் மேயர்கள் வந்தார்கள். மார்ச் 4 அன்று பிரியா போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிவப்பு அங்கி, கழுத்தில் கனத்த தங்கச் சங்கிலி, வயது 28.

அப்போது வெளியான செய்திகளில் ஒரு பிழை உலவியது. சிலர் அவரைச் சென்னையின் முதல் தலித் மேயர் என்று எழுதினார்கள். அது தவறு. ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937இலேயே மேயராக இருந்தார். பின்னாளில் சட்டமன்றப் பேரவைத் தலைவரும் ஆனார். 1945இல் ந. சிவராஜ் மேயரானார். பிரியா முதல் தலித் பெண் மேயர். பெண்களில் மூன்றாமவர்: 1957இல் தாரா செரியன், 1971இல் காமாட்சி ஜெயராமன், அதன் பிறகு ஐம்பது ஆண்டு இடைவெளி.

தாரா செரியனையும் பிரியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றும். தாரா செரியனின் கணவர் பி.வி. செரியனும் அதற்கு முன்பே சென்னை மேயராக இருந்தவர், பிறகு மகாராஷ்டிர ஆளுநர். நகரத்தின் மேல்தட்டிலிருந்து, சமூகப் பணியின் வழியாக வந்தவர் தாரா. பிரியா வந்தது ரயில்வே பணிமனைகளும் மூடிய ஆலைகளும் சூழ்ந்த வார்டிலிருந்து, இட ஒதுக்கீட்டின் வழியாக. ஒதுக்கீட்டில் வந்தவர் என்று சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. ஒதுக்கீடு இல்லாத ஐம்பது ஆண்டுகளில் ஒரு பெண்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை என்பதை அவர்களுக்கு நினைவூட்டினால் போதும்.

நாற்காலியே இல்லாத ஊர்

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. லண்டனுக்கு அடுத்த பழமை என்று அதன் பெருமையைச் சொல்வார்கள். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். இந்தப் பெருமையைச் சொல்பவர்கள் சொல்லாமல் விடும் ஒன்று உண்டு: இந்தப் பழம்பெரும் மன்றம் நீண்ட காலம் பூட்டியே கிடந்தது. 1973இல் மஸ்டர் ரோல் (கூலியாள் வருகைப் பதிவேடு) ஊழல் விவகாரத்தில் மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான். 23 ஆண்டுகள் அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள். பிறகு 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. வழக்கு, வார்டு மறுவரையறை, ஒத்திவைப்பு என்று இன்னொரு ஐந்தாண்டுக்கு மேல் மேயர் கிடையாது.

2022இல் 28 வயது என்றால் பிரியா பிறந்தபோது சென்னைக்கு மேயரே இல்லை. அவர் படித்து முடித்து வெளியே வந்த ஆண்டுகளிலும் இல்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் கவுன்சிலரிடம் போய்ச் சொல்லும் பழக்கமே ஒரு தலைமுறைக்கு விட்டுப்போன ஊர் இது. ஒரு மன்றம் எப்படி அதிகாரிகளைக் கேள்வி கேட்கும், நிலைக்குழு எப்படிக் கணக்கைப் புரட்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் படித்து வருவதல்ல. மூத்த கவுன்சிலர்களைப் பார்த்துக் கற்பது. அந்த மூத்தவர்களின் வரிசை இரண்டு முறை அறுந்துபோயிருக்கிறது.

மேயரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் நிலையாக இருந்ததில்லை. 1996இல் மக்கள் நேரடியாக வாக்களித்து மு.க. ஸ்டாலினைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் வழி மா. சுப்பிரமணியன். 2011இல் மீண்டும் நேரடி, சைதை துரைசாமி. 2019இல் மறுபடி மறைமுகம். கோட்டையில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்கு எது வசதியோ அது. நேரடியாக லட்சக்கணக்கான வாக்கு வாங்கி வந்த மேயரின் குரலுக்கும் கட்சி அறிவித்து மன்றம் ஆமோதித்த மேயரின் குரலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போகாது. பிரியா இரண்டாவது வகை. அவருடைய நாற்காலி வாக்காளருக்கு ஒரு கடனும், கட்சித் தலைமைக்கு அதைவிடப் பெரிய கடனும் பட்டது.

சொந்த ஊர் என்பது எது

பிரியாவின் ஊர் என்று சென்னையைச் சொல்வது பாதி உண்மை. அவருடைய ஊர் வடசென்னை. அதிலும் பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று நெருக்கிக் கிடக்கும் பழைய தொழிலாளர் பகுதி.

பக்கிங்ஹாம், கர்நாடிக் என்னும் இரண்டு பின்னி துணி ஆலைகள் இந்தப் பகுதியை உருவாக்கின. 1918 ஏப்ரலில் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு பெரம்பூரில் பிறந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். மேயரின் மண்டலத்துக்குப் பெயர் தந்தவர் அவர்தான். 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது, வேலைக்குத் திரும்பிய தலித் தொழிலாளர்களுக்கும் வெளியே நின்ற மற்றவர்களுக்கும் இடையே மோதல் மூண்டு புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. சங்கமும் சாதியும் ஒரே தெருவில் முட்டிக்கொண்ட அந்த வரலாறு வடசென்னையில் இன்னும் ஆறிப்போகவில்லை. நூறு ஆண்டு கழித்து 2025இல் வேறொரு உருவில் அது மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் வாசலுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1955இல் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. எண்ணூர், மணலி பக்கம் அனல் மின்நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு, உரம் என்று ஒவ்வொன்றாய் வந்தன. நகரத்துக்கு மின்சாரமும் பெட்ரோலும் வேண்டும். அதன் சாம்பலும் புகையும் வடக்கே. கொடுங்கையூரில் 340 ஏக்கருக்கும் மேல் பரந்து கிடக்கும் குப்பைமேடு. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது கத்திவாக்கம், திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் உள்ளே வந்தன. வடசென்னை இரட்டிப்பாயிற்று, அதன் குறைகளும் சேர்ந்தே.

பதவியேற்ற நாள்களில் பிரியா அளித்த பேட்டிகளில் வடசென்னையின் அடிப்படை வசதி, பள்ளி, மருத்துவம் என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வந்தன. வானத்தை வில்லாக வளைப்பேன் என்ற பேச்சு இல்லை. குடிநீரில் கழிவுநீர் கலக்கிறது, கால்வாயைத் தூர்வார வேண்டும், பிள்ளைகள் படிக்க வேண்டும் என்ற வகை. அந்தப் பகுதியில் குழாயடியில் நின்றவருக்கு வரக்கூடிய ஆசைகள்.

எது மேயர் கையில்?

இந்த ஆசைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது யாருடைய துறை என்று பார்த்தால் நிலவரம் புரியும்.

குடிநீரும் கழிவுநீரும் 1978இலிருந்து குடிநீர் வாரியத்திடம் இருக்கின்றன. நகரத் திட்டமிடல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். குடிசைப்பகுதி வீடுகள் 1970களின் தொடக்கத்தில் உருவான குடிசை மாற்று வாரியத்தின் வழிவந்த வாழ்விட வாரியத்திடம். பெரிய கால்வாய்கள் பெரும்பாலும் நீர்வளத் துறையிடம். பேருந்து, மின்சாரம், தொழிற்சாலைப் புகை எல்லாம் வேறு வேறு அலுவலகம். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டது உண்மை. பட்டியல் அரசியல் சட்டத்தில் இருக்கிறது. பணிகள் கோட்டையில் இருக்கின்றன.

மாநகராட்சியிடம் எஞ்சியவை மழைநீர் வடிகால், உட்புறச் சாலை, தெருவிளக்கு, குப்பை, பூங்கா, விளையாட்டுத் திடல், பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். இவையும் மேயர் கையில் நேராக இல்லை. அவர் பதவியேற்றபோது நடைமுறையில் இருந்த 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாக அதிகாரம் ஆணையருடையது. மேயர் மன்றத்துக்குத் தலைமை தாங்குவார், தீர்மானம் நிறைவேறும், நிறைவேற்றுவது ஆணையர். ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு.

பணம் இன்னும் தெளிவான பாடம். மாநகராட்சியின் சொந்த வருவாயில் முதன்மையானது சொத்து வரி. பிரியா பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 2022 ஏப்ரல் தொடக்கத்தில், மாநில அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. சென்னையின் பழைய பகுதிகளில் வீட்டின் பரப்பளவைப் பொறுத்து 50 முதல் 150 விழுக்காடு வரை. மன்றம் அதற்குத் தீர்மானம் போட்டுக் கொடுத்தது. வரி நோட்டீஸ் மாநகராட்சியின் பெயரில் போனது. திட்டு வாங்கியவர்கள் கவுன்சிலர்கள். வரியை உயர்த்தியதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆண்டுகள் உயராமல் கிடந்த வரி அது. புதிதாக வந்த மன்றத்துக்கு அதைப் பேசி முடிவெடுக்கும் மரியாதைகூடக் கிடைக்கவில்லை என்பதே என் குறை.

வடசென்னைக்கெனத் தனித் திட்டம் வந்தபோதும் கதை இதேதான். 2023இல் அறிவிக்கப்பட்ட வடசென்னை வளர்ச்சித் திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு ஆயிரம் கோடி ரூபாய் என்று தொடங்கி, அடுத்த ஆண்டு நாலாயிரம் கோடியைத் தாண்டியது. வடக்குக்கு இவ்வளவு பணம் இதற்குமுன் வந்ததில்லை. வடசென்னைக்காரர் ஒருவர் மேயராக இருந்த காலத்தில் வந்தது என்பதில் அவருக்குப் பங்கில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் திட்டத்தின் கைப்பிடி இருந்தது சி.எம்.டி.ஏ.விடம், மேயரின் மேசையில் அல்ல.

வெள்ளத்திலும் அப்படி ஒரு கலவை. கோசஸ்தலையாற்று வடிநிலப் பகுதியில், அதாவது திருவொற்றியூர், மணலி, மாதவரம் உள்ளிட்ட வடக்கில், ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு மூவாயிரம் கோடி ரூபாய்க்கும் அதிகமான செலவில் வடிகால் கட்டப்பட்டது. இது மாநகராட்சியின் வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடிகால் கட்டிய தெருக்களில்கூடத் தண்ணீர் நின்றது. வடிகால் கால்வாயில் சேர வேண்டும்; கால்வாய் கடலில் சேர வேண்டும்; அந்தக் கால்வாயும் முகத்துவாரமும் வேறு துறை. அத்தோடு மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தில் கலந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்து, மீனவர்களின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. மாதக் கடைசியில் உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, எண்ணூர்ப் பக்கத்துக் கிராமத்தினர் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். இந்த இரண்டிலும் சென்னை மேயர் செய்யக்கூடியது போய்ப் பார்ப்பது, ஆறுதல் சொல்வது, சுத்தம் செய்ய ஆள் அனுப்புவது. ஆலையை மூடச் சொல்லும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

2023இல் ‘மக்களைத் தேடி மேயர்’ என்று மண்டலம் மண்டலமாக மனு வாங்கும் ஏற்பாடு தொடங்கியது. நல்ல யோசனை. எந்த ஊரிலும் இப்படியான முகாமுக்குப் போய்ப் பாருங்கள்: பட்டா கேட்டு வருபவர், குடிநீரில் சாக்கடை வாசம் என்று பாட்டிலில் பிடித்து வருபவர், வாரிய வீட்டுக்கு மனு எழுதி வருபவர். முதலாவது வருவாய்த் துறை, இரண்டாவது குடிநீர் வாரியம், மூன்றாவது வாழ்விட வாரியம். மேயர் வாங்கி அனுப்பலாம். வாசலில் நிற்பவருக்கோ எல்லாம் மேயரம்மாதான்.

பள்ளி: ஓரளவு கைக்கெட்டியது

இந்த வட்டத்துக்குள் மாநகராட்சிக்கு உண்மையாகவே சொந்தமானது பள்ளிகள். 1920இல் மாநகராட்சித் தலைவர் பிட்டி. தியாகராயர், ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கினார், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். பின்னாளில் நாடு முழுக்கப் பேசப்பட்ட சத்துணவின் விதை ஒரு நகரமன்றத் தீர்மானம். நகராட்சிக்குத் தானாக யோசிக்கும் உரிமை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தமிழ்நாட்டில் இல்லை.

நூறு ஆண்டு கழித்து 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் வந்தது. இந்த முறை யோசனை முதலமைச்சருடையது, மாநிலத் திட்டம். அதன் ஒரு பகுதி மாநகராட்சிப் பள்ளிகளில் நடக்கிறது. பிரியாவின் காலத்தில் பள்ளிகளுக்கு மன்றத்தில் கிடைத்த கவனம் அதற்கு முந்தைய அதிகாரிகள் காலத்தைவிடக் கூடுதல் என்றே நினைக்கிறேன். பட்ஜெட் அறிவிப்புகளில் கல்வி முதலில் வந்தது. கட்டடம், ஆய்வகம், மாணவருக்கான பயணம் என்று சிறியவையும் பெரியவையுமாக. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மாநகராட்சிப் பள்ளியில் முதலிடம் பெற்ற பிள்ளைகளோடு மேயர் எடுத்துக்கொள்ளும் படத்தில் மட்டும் அவர் முகத்தில் விறைப்பு இருக்காது. இது ஆய்வுக்குரிய தரவல்ல என்று தெரியும். கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு தீர்மானங்கள்

இதுவரை சொன்னதில் மேயருக்கு ஒரு சாக்கு இருந்தது: ‘அது எங்கள் துறை அல்ல.’ இனி வரும் இரண்டிலும் அது கிடையாது. இரண்டும் மன்றத்தின் சொந்தத் தீர்மானங்கள். இரண்டும் தனியாருக்கு விடுவது பற்றியவை. இரண்டும் வடசென்னையைத் தொட்டவை. முடிவுகள் நேர்எதிர்.

முதலாவது 2024 அக்டோபர். செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைப் பராமரிக்கத் தனியாரிடம் விடுவது என்று மன்றம் தீர்மானித்தது. ஆடுபவர் ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் கட்டணம். பட்டியலில் வியாசர்பாடியும் இருந்தது. வியாசர்பாடியில் பந்து உதைப்பது பொழுதுபோக்கு அல்ல. ரயில்வே வேலைக்கும் காவல்துறை வேலைக்கும் விளையாட்டு ஒதுக்கீட்டில் போக ஒரு வழி. மாலையில் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தாய் கவலைப்படாமல் இருக்க ஒரு வழி. பதினொரு பேர் சேர்ந்து ஆட ஒரு பக்கத்துக்கு மணிக்கு 1,320 ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் தீர்மானத்தை எழுதியவர் அந்தத் திடலில் ஒரு மாலைகூட நின்றதில்லை என்பது விளங்கும். எதிர்ப்பு கிளம்பியது, கூட்டணிக் கட்சிகளிடமிருந்தும். ஓரிரு நாளில் தீர்மானம் கைவிடப்பட்டது.

எனக்கு உறுத்துவது கைவிட்டது அல்ல, அது நல்லது. அந்தப் பகுதிப் பெண் தலைமை தாங்கிய கூட்டத்தில் அது எப்படி நிறைவேறியது என்பதுதான். ஒரே அமர்வில் பல பத்துத் தீர்மானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கப்பட்டு மேசை தட்டி நிறைவேறும் மன்றத்தில், அதிகாரிகள் எழுதிக் கொடுத்த கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று நிறுத்திக் கேட்கும் பழக்கம் தேய்ந்துபோயிருக்கிறது. 153 பேர் ஒரே கட்சி என்பதும் அதற்கு உதவவில்லை.

இரண்டாவது 2025. இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆவது மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க ஜூன் மாதத்தில் மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. சென்னையின் பெரும்பாலான மண்டலங்களில் ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது. இந்த இரண்டில் பல ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர்களாக மாநகராட்சியின் கீழ் வேலை பார்த்தவர்கள் பணி நிரந்தரம் கேட்டார்கள். நிறுவனத்துக்கு மாறினால் மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாயாக இருக்கும் சம்பளத்தில் ஏழாயிரம் வரை வெட்டு விழும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. ஆகஸ்ட் 1 முதல் ரிப்பன் மாளிகைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்தார்கள்.

போராட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1913இல் திறந்த அந்த வெள்ளை மாளிகை. அருகே சென்ட்ரல் நிலையம். நடைபாதையில் தார்ப்பாய், பிளாஸ்டிக் குடம், சீருடை. அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள், பலர் திரு.வி.க. நகர் மண்டலத்துத் தெருக்களைப் பெருக்குபவர்கள். உள்ளே மாடியில் இருந்த மேயர் ஒரு பெண், ஒரு தலித், அதே திரு.வி.க. நகர் மண்டலத்தின் கவுன்சிலர். அவருடைய வார்டின் தெருவைக் காலையில் பெருக்கியவர் யாரேனும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கக்கூடும்.

பேச்சுவார்த்தை நடந்தது. மேயரும் இருந்தார், ஆனால் முன்னின்று பேசியவர்கள் அமைச்சர்கள். பணி போகாது, நிறுவனத்தில் சேருங்கள், வைப்பு நிதியும் காப்பீடும் உண்டு என்பதே அரசுத் தரப்பின் பதில். நிரந்தரம் என்ற கோரிக்கைக்கு அதில் இடமில்லை. நடைபாதையை மறித்திருப்பதாக உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அகற்ற உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீசார் அவர்களைக் கைது செய்து பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதின்மூன்றாவது நாள்.

கால்பந்துத் தீர்மானம் ஓரிரு நாளில் திரும்பியது. குப்பைத் தீர்மானம் பதின்மூன்று நாளிலும் திரும்பவில்லை. இந்த வேறுபாட்டுக்கு நான் காணும் காரணம் ஒன்றே. திடல்களில் பெரிய பணம் இல்லை, மாநிலக் கொள்கை இல்லை, கையெழுத்தான ஒப்பந்தம் இல்லை. மேயர் தன் மன்றத்தோடு முடித்துக்கொள்ளலாம். குப்பையில் மூன்றும் இருந்தன. பல ஆண்டுகளாக, ஆட்சி மாறியும் மாறாமல், மாநில அரசு பிடித்துவரும் பாதை அது. தீர்மானம் மன்றத்துடையது என்பது காகிதத்தில்தான்.

இதைச் சொல்லிவிட்டு மேயரை விடுவித்துவிடவும் எனக்கு மனம் வரவில்லை. அதிகாரம் இல்லாத பதவியிலும் ஒரு உடைமை உண்டு: குரல். படியிறங்கி அந்த நடைபாதைக்கு வந்து, ‘உங்கள் கோரிக்கையை அரசிடம் நானே கொண்டுபோகிறேன், முடிவு என் கையில் இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் சட்டம் எதுவும் தடுத்திருக்காது. கட்சி தடுத்திருக்கலாம். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராக இருந்திருந்தால் சொல்லியிருப்பாரா என்று யோசிக்கிறேன். சொல்லியிருக்கலாம்; சொல்லாமலும் இருந்திருக்கலாம். முறை மாறினால் மனிதர் மாறிவிடுவார் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் காசிமேட்டில் கார்ப்படியில் நின்றவரால் ரிப்பன் மாளிகைப் படியில் இறங்கி நிற்க முடியாமல் போனதற்கு இரண்டு இடத்திலும் வண்டி ஓட்டியவர் ஒருவரே என்பது காரணம்.

நள்ளிரவுக் கைதுக்கு மறுநாள், ஆகஸ்ட் 14 அன்று, அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளர்களுக்கான நலத்திட்டங்கள் வெளியாயின. அவற்றில் ஒன்று இலவசக் காலை உணவு. அறிவித்த இடம் கோட்டை.